பழைய டீசல் காரில் எத்தனை கிலோமீட்டர் வரை ஏற்கலாம்? படிப்படியாக ஒரு விளக்கம்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரை வாங்கலாமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். "டீசல்தானே, ஐந்து லட்சம் வரை கவலையே இல்லை" என்பார் ஒருவர். "லட்சத்தைத் தாண்டியதைத் தொடாதே" என்பார் இன்னொருவர். எனக்குக் கார் தேடிய காலத்தில் இந்த இரண்டு பதிலும் உதவவில்லை. பல கார்களைப் பார்த்து, விசாரித்து, கடைசியில் எனக்கென்று ஒரு வரிசை அமைந்தது. அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். பானெட்டைத் திறப்பது, ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து லட்சம் என்ற பேச்சு பழைய டீசல் இன்ஜின்களின் காலத்தில் பிறந்தது. கனத்த வார்ப்பிரும்பு, குறைந்த சுழற்சி, இயந்திர பம்ப் மூலம் எரிபொருள் என்று அவற்றில் கெட்டுப்போக அதிகம் இல்லை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக, உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டர்களுக்கும் தரும் காமன் ரெயில் முறை பயணிகள் கார்களுக்கு வந்தது. இன்றைய இன்ஜெக்டர்கள் 2,000 பார் அளவிலான அழுத்தத்தில், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் துளைகள் வழியே டீசலைப் பீய்ச்சுகின்றன. அதோடு டர்போ, புகையில் ஒரு பகுதியை மறுபடியும் இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வு, புகைத்துகள் வடிகட்டியான டிபிஎஃப் எல்லாம் சேர்ந்துவிட்டன. இன்ஜினின் உடல் இப்போதும் நெடுநாள் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள இந்தப் பாகங்கள்தான் முதலில் களைக்கும்.

படி 1: ஆண்டுக்கு எவ்வளவு?

மொத்த கிலோமீட்டரைக் காரின் வயதால் வகுங்கள். ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 வரை வந்தால், டீசல் காருக்கு அது இயல்பான ஓட்டம். 30,000 வந்தாலும் நான் பயப்பட மாட்டேன். அவ்வளவு ஓட வேண்டுமானால் பெரும்பகுதி நெடுஞ்சாலையாகத்தான் இருக்கும். 7,000, 8,000 என்று வந்தால்தான் கேள்விகள் கேட்கத் தொடங்குவேன். இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் டீசல் கார் வாங்கியது ஏன்? கார் சும்மா நின்றதா, அல்லது கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய் வந்ததா? சிறு பயணங்களில் டீசல் இன்ஜின் முழுச்சூட்டை எட்டுவதே இல்லை.

படி 2: இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது?

எனக்கு நீண்ட காலம் பிடிபடாமல் இருந்த இடம் இது. பிடிபட்ட பிறகு மற்ற எல்லாம் தெளிவாகிவிட்டது. அதனால் இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கார் 90,000 கிலோமீட்டர், இரண்டாவது 1,50,000 கிலோமீட்டர். விளம்பரத்தைப் பார்த்தால் யாரும் முதல் காரைத்தான் எடுப்பார்கள். ஆனால் முதல் காரின் இன்ஜின் 4,500 மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டாவது 3,000 மணி நேரம்தான். தூரத்தை மணியால் வகுத்தால் முதல் காரின் சராசரி வேகம் 20, இரண்டாவதன் சராசரி 50. அதாவது, குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காரின் இன்ஜின்தான் 1,500 மணி நேரம் கூடுதலாகச் சுழன்றிருக்கிறது. அந்த நேரத்தில் பெரும்பகுதி நெரிசலில் நின்றுகொண்டு, கிளட்ச்சை மிதித்து விட்டு, ஏசிக்காக வெறுமனே ஓடியதாக இருக்கும். கிளட்ச், பிரேக், டர்போ, ஈஜிஆர், டிபிஎஃப் என எதற்கும் அந்த ஓட்டம் நல்லதல்ல. ஓடோமீட்டர் இதில் எதையுமே கணக்கில் எடுப்பதில்லை.

மணிக்கணக்கை எங்கே பார்ப்பது? சில கார்கள் டேஷ்போர்டிலேயே காட்டும். பெரும்பாலானவற்றில், காரின் கணினிகளோடு பேச வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, இன்ஜின் கணினியிலிருந்து படிக்க வேண்டும். பொதுவான செயலிகள் இந்த எண்ணைக் காட்டாமல் போகலாம். அந்தந்த நிறுவனத்தின் கார்களுக்கென்று உள்ள செயலியோ, மெக்கானிக்கிடம் உள்ள பெரிய ஸ்கேனரோ காட்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் டேஷ்போர்டில் நீண்ட காலச் சராசரி வேகம் என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பூஜ்யமாக்கியதிலிருந்துதான் அது கணக்கு வைத்திருக்கும் என்பதால், எத்தனை கிலோமீட்டருக்கான சராசரி என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

சராசரி 40-க்கு மேல் என்றால் ஓடோமீட்டரில் உள்ள பெரிய எண்ணை நான் மன்னித்துவிடுவேன். 25-க்குக் கீழே என்றால் சிறிய எண்ணையும் நம்ப மாட்டேன்.

படி 3: எண் உண்மையா?

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஓடோமீட்டர் உண்மை சொன்னால்தான் செல்லும். முதல் சாட்சி காகிதங்கள். சர்வீஸ் பில்கள், காப்பீட்டு ஆய்வு, வாகனப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். எண் எங்கும் பின்னோக்கிப் போகக் கூடாது. திடீரென்று இரண்டு ஆண்டுகளுக்குப் பில்லே இல்லை, அதன்பின் கார் மிகக் குறைவாக ஓடியிருக்கிறது என்றால், அந்த இடைவெளிக்கு விற்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ பழைய ஆயில் மாற்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கிழிக்க மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சாட்சி தேய்மானம். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். குறிப்பாகக் கிளட்ச் பெடலின் ஓரத்தில் கோடுகள் அழிந்து வழவழப்பாகியிருக்கிறதா என்று. ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கத்துப் பக்கவாட்டு மெத்தை, ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் உரசி நசுங்கும் இடம். ஸ்டீயரிங்குக்கு உறை போட்டிருந்தால் அனுமதி கேட்டு நீக்கிப் பாருங்கள். 60,000 ஓடியதாகச் சொல்லும் காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் எனக்கு அதுவே எச்சரிக்கை.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஸ்டெப்னியையும் பாருங்கள். அது பெரும்பாலும் காரோடு வந்ததாகவே இருக்கும். 30,000 ஓடிய காரில் ஸ்டெப்னி மட்டும் பழையதாகவும், நான்கு டயர்களும் சில ஆண்டுகள் பிந்தியவையாகவும் இருந்தால், முதல் நான்கு டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள்.

மூன்றாவது சாட்சி மறுபடியும் ஸ்கேனர். பல கார்களில் கிலோமீட்டர் எண் டேஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் கணினிகளிலும் பதிவாகியிருக்கும். எண்ணைத் திருத்துகிறவர் எல்லா இடத்திலும் திருத்தியிருக்க மாட்டார். இன்னொன்று, பொதுவான செயலிகளே படித்துச் சொல்லக்கூடியது: பிழைக் குறிகளை (பழுது கண்டால் கணினி பதிந்துவைக்கும் குறியீடுகளை) அழித்த பிறகு ஓடிய தூரம். ஓடோமீட்டர் 48,000 காட்டும் காரில் இந்தத் தூரம் 61,000 என்று வந்தால், ஒன்று எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள், அல்லது டேஷ்போர்டையே மாற்றியிருக்கிறார்கள். மாறாக, இது வெறும் 15 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓபிடி அடாப்டர்களில் உள்ள இஎல்எம்327 சிப்பின் மிக மலிவான நகல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிப்பு 2.1 என்று அச்சிட்டு வரும் பல நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதிலே தருவதில்லை. நீங்கள் காரில் அந்தத் தகவலே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து நல்ல ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். வைஃபை வகை எனக்குப் பிடிப்பதில்லை. கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்துக்கொண்டு நிற்கும். இதோடு பிரகாசமான டார்ச், வெள்ளைத் துணி, கையுறை போதும்.

படி 4: குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்து இன்ஜின் மீது கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சூடான இன்ஜின் தன் நோயைக் காட்டாது.

சாவியைத் திருப்பி, குளிர்ந்த இன்ஜினை உள்ளே சூடேற்றும் க்ளோ பிளக்கின் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டு சில நொடிகளில் சீராக வேண்டும். குலுங்கிக்கொண்டே வெண்புகை விட்டால் எரியாத டீசல் வெளியேறுகிறது என்று பொருள்; க்ளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் ஆகிய மூன்றில் ஒன்று. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், கூலன்டும் குறைந்தால் சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

சூடான பிறகு, கையுறை போட்டுக்கொண்டு, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் துளையின் மேலேயே தளர்வாக வையுங்கள். சில இன்ஜின்களில் ஆயில் தெறிக்கும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி இலேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, துளையிலிருந்து புகை விட்டுவிட்டு வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடோமீட்டரில் எந்த எண் இருந்தாலும் அந்தக் காரை நான் வாங்க மாட்டேன்.

படி 5: டிபிஎஃப், ஆயில்

டிபிஎஃப் உள்ள கார் என்றால் சைலன்சர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். நல்ல நிலையில் உள்ள காரில் துணி ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கரிக்கட்டையைத் துடைத்ததுபோல் வந்தால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது அதைக் கழற்றி எறிந்திருக்கலாம்.

வடிகட்டியில் சேரும் கரியை, கார் தொடர்ச்சியாக ஓடும்போது இன்ஜின் கணினியே புகையின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு உயர்த்தி எரித்துவிடும். ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. கிலோமீட்டர் ஏற ஏற அது சேர்ந்துகொண்டே போகும். நகரத்துக் காரில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். அதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசலில் ஒரு பகுதி ஆயிலோடு கலக்கும். ஆகவே ஆயில் குச்சியில் அளவு உச்சக்கோட்டுக்கு மேலே இருந்து, டீசல் வாடையும் அடித்தால், யாரோ தாராளமாக ஊற்றிவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் கறுப்பாக இருப்பது ஒரு குறையே அல்ல. டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும்.

படி 6: அடுத்து வரும் செலவுகள்

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் சேர்த்து இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, ஆண்டுக் கெடுவும் உண்டு. எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். இன்ஜினை அணைக்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் 'கடக்' என்று உலோகச் சத்தம் கேட்டால், இன்ஜினின் அதிர்வைத் தாங்கும் இரட்டை ஃப்ளைவீல் தேய்ந்திருக்கலாம். கிளட்ச்சோடு சேர்த்து மாற்ற வேண்டிய பெரிய செலவு அது.

இதையெல்லாம் வைத்து நான் போட்டுக்கொண்ட கோடுகள்: ஒன்றரை லட்சம் வரை, காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் தயங்க மாட்டேன். ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் வரை, நெடுஞ்சாலை ஓட்டம் என்பதற்கு மணிக்கணக்கு சாட்சி சொல்ல வேண்டும். பெல்ட், கிளட்ச், டிபிஎஃப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துத்தான் பேசுவேன். அதற்கு மேல், ஒரே உரிமையாளர், முழுமையான பில்கள் என்றால் மட்டும். பில்லே இல்லாத 70,000 கிலோமீட்டர் காரைவிட, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் உள்ள 1,80,000 கிலோமீட்டர் காரையே எடுப்பேன்.

பின்சேர்க்கை

பிழைக் குறி அழித்த பிறகான தூரம் 65,535 என்றே நின்றுவிட்டது, கருவி பழுதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழுதில்லை. அந்த எண் அதற்கு மேல் ஏறாது. நெடுங்காலமாக யாரும் பிழைக் குறிகளை அழிக்கவில்லை என்று பொருள், நல்ல அறிகுறிதான்.

டேஷ்போர்டு பழுதாகி மாற்றிய கார்களில் எண் குறைவாக இருப்பது நியாயம்தானே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நியாயம்தான், மாற்றிய தேதியும் பழைய எண்ணும் உள்ள பில் கையில் இருந்தால். அப்போது இரண்டு எண்களையும் கூட்டிவிட்டுப் படி 1-லிருந்து தொடங்குங்கள்.

டிபிஎஃப் இல்லாத பழைய காருக்குத் துணிச் சோதனை பொருந்துமா என்றும் கேட்டிருந்தார்கள். பொருந்தாது. 2009-இல் ஐரோப்பாவில் வந்த யூரோ 5 புகைத் தரம் புகைத்துகள் வரம்பைக் கிலோமீட்டருக்கு 0.005 கிராம் என்று இறுக்கிய பிறகுதான் இந்த வடிகட்டி அங்கே டீசல் கார்களில் பரவலானது. அதற்கு முந்தைய தரத்தில் வந்த பல கார்களில் குழாய்க்குள் கரி இருப்பது இயல்பு. அவற்றுக்குப் படி 4-இல் சொன்ன புகையின் நிறத்தையும் மூடிச் சோதனையையும் வைத்து முடிவெடுங்கள்.