பெட்டி வரையும் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்ஸ்பெக்டிவ் (தொலைவுக்கேற்பப் பொருள் சிறுத்துத் தெரியுமாறு வரையும் முறை) பழகப் பெட்டிகளை வரையத் தொடங்கியவர்கள் திருத்தத்துக்குக் கொண்டுவரும் தாள்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பலவும் நான் பழகிய காலத்தில் என் தாள்களிலும் இருந்தவைதாம். கோடு நடுங்குவது, ஒரே விளிம்பை மூன்று முறை அழுத்தி வரைவது போன்றவை கை பழகப் பழகத் தாமே குறைந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். எத்தனை பெட்டி வரைந்தாலும் தாமாகக் குறையாதவை சில உண்டு.

நான்கு கோடுகளை இரண்டிரண்டாகப் பார்ப்பது

பெட்டிக்கு 12 விளிம்புகள். உண்மைப் பெட்டியில் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பவற்றைச் சேர்த்தால் நான்கு நான்காக மூன்று தொகுதிகள் கிடைக்கும். ஒரு தொகுதியின் நான்கு கோடுகளும் ஒரே மறைபுள்ளியை (இணைகோடுகள் தொலைவில் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் இடம்) நோக்கிச் செல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரையும்போது கண் ஒரு முகத்தின் இரண்டு விளிம்புகளை மட்டும் ஒப்பிட்டுத் திருப்தியடைந்து, அடுத்த முகத்துக்குப் போய்விடுகிறது. முன்முகத்தின் இரு விளிம்புகள் ஓரிடத்திலும் பின்முகத்தின் இரு விளிம்புகள் வேறிடத்திலும் சேர்கின்றன. ஒவ்வொரு முகமும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், பெட்டிதான் முறுக்கிக்கொண்டு நிற்கும். புதிய விளிம்பை இழுக்கும் முன் அதே தொகுதியில் ஏற்கெனவே இருக்கும் எல்லாக் கோடுகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நீட்டிப்புக் கோட்டைப் புள்ளிக்கு இழுத்துப்போவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெட்டியை வரைந்து முடித்தபின் ஒவ்வொரு விளிம்பையும் வேறு நிற மையால் நீட்டி, அவை எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பதே இந்தப் பயிற்சியின் உயிர். மறைபுள்ளியைக் குறிக்காமல் கண் ஊகித்து வரைந்ததை வேறு எப்படிச் சரிபார்ப்பது? ஆனால் முதல் மூன்று கோடுகள் ஓரிடத்தில் நெருங்கிவருவதைக் கண்டுவிட்டால், நான்காவதையும் அங்கேயே கொண்டுசேர்க்கக் கை துறுதுறுக்கிறது. அளவுகோல் விளிம்பின் முழு நீளத்திலும் படியாமல், தொலைமூலையை மட்டும் தொட்டுக்கொண்டு மெல்லத் திரும்புகிறது. ஒரு பாகை திரும்பினால் 20 செ.மீ. தொலைவில் ஏறத்தாழ 3.5 மி.மீ. பிசகும், மூன்று பாகை என்றால் 1 செ.மீ.க்கும் மேல்.

ஒருவர் கொண்டுவந்த தாள்கட்டில் சிவப்பு நீட்டிப்புகள் அனைத்தும் அப்பழுக்கில்லாமல் சேர்ந்திருந்தன. பெட்டிகளோ பிழிந்த துணிபோல இருந்தன. எஃகு அளவுகோலை ஒரு விளிம்பின்மீது வைத்துப் பார்த்தேன். கறுப்பு விளிம்பு அளவுகோலை ஒட்டிக் கிடக்க, அதன் மூலையிலிருந்து கிளம்பிய சிவப்புக் கோடு விலகிப்போயிற்று. அடுத்த விளிம்பிலும் அதே கதை. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கோடு போய்ச்சேர வேண்டிய இடம் தெரிந்திருந்ததால் அங்கே அனுப்பிவைத்தார், அவ்வளவுதான். இதில் எனக்குப் பொறுக்காதது, அதற்கு முன்பு அந்தத் தாள்களைப் பார்த்த ஒருவர் சிவப்புக் கோடுகளை மட்டும் நம்பி, ‘நன்றாக வருகிறது, இப்படியே தொடருங்கள்’ என்று எழுதிக்கொடுத்திருந்தது. வரைந்தவரும் அப்படியே தொடர்ந்திருந்தார். சோதனையே பொய்யாகிவிட்டால், அதைப் பார்த்துச் சொல்லப்படும் பின்னூட்டம் எவ்வளவு அக்கறையானதாக இருந்தாலும் தவறான பழக்கத்துக்கு உரமாகிவிடுகிறது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரன்ஸ் நகரின் ஞானஸ்நான ஆலயத்தை வரைந்த கட்டடக்கலைஞர் ப்ரூனலெஸ்கி, ஓவியப் பலகையில் துளையிட்டு, அதன் பின்புறமிருந்து துளை வழியே பார்ப்பவருக்கு எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பம் தெரியுமாறு செய்தார்; கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் உண்மைக் கட்டடம் தெரியும். ஓவியத்துக்குச் சாதகமாகக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்திருந்தால் அந்தச் சோதனைக்குப் பொருளே இருந்திருக்காது.

இதைத் தவிர்க்க நான் சொல்லித்தரும் வழி எளியது. கோடுகள் சேரும் என்று எதிர்பார்க்கும் பகுதியை வேறொரு தாளால் மூடிவிட்டு, அளவுகோலை விளிம்பின் இரு மூலைகளிலும் பொருந்துமாறு வைத்து, மூடிய தாளின் ஓரம்வரை மட்டும் நீட்டுங்கள். ஒரு தொகுதியின் நான்கு கோடுகளும் முடிந்தபின் தாளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் அது போகும் போக்கிலேயே தொடருங்கள். முதல் சில பெட்டிகளில் கிடைக்கும் விடை மனத்தைச் சுருக்கென்று தைக்கும். அந்தத் தாள்களைத்தான் பிறரிடம் காட்ட வேண்டும்.

மிகச் சிறிய பெட்டிகள்

1 செ.மீ. விளிம்பில் மூலை அரை மி.மீ. நகர்ந்திருந்தால், 20 செ.மீ. நீட்டும்போது அது 1 செ.மீ. பிழையாகத் தெரியும், பெட்டியைப் பெரிதாக வரையுங்கள்.

எதிர்த்திசையில் நீட்டுவது

கோடுகள் நம்மை விட்டு விலகும் திசையில்தான் நீட்ட வேண்டும். எந்த மூலை அருகில் உள்ளது என்பதில் குழப்பம் வந்தால், வரைந்தவுடனேயே நம்மை நோக்கியிருக்கும் முகங்களில் ஒன்றைக் கோடிட்டு நிழலாக்கி வையுங்கள்.

பின்மூலையை மட்டும் திருத்துவது

கடைசியில் வரையும் மூன்று விளிம்புகள் பின்மூலையில் சேராமல் நிற்பது இயல்பு. முந்தைய ஒன்பது கோடுகளின் பிழைகளும் அங்கே வந்து குவிகின்றன. அந்த மூன்றையும் வலிந்து இணைத்துவிட்டால் பெட்டி மூடப்பட்டதாகத் தோன்றும், பிழை எந்தத் தொகுதியில் தொடங்கியது என்ற தடயமோ அழிந்துபோகும். இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள்.

மொத்தமாக வரைந்து மொத்தமாகச் சோதிப்பது

வேண்டாம், ஒரு பக்கம் முடிந்ததும் நீட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. ‘இடப்பக்கம் செல்லும் தொகுதியில் பின்விளிம்பு மட்டும் மற்ற மூன்றையும் முன்னதாகவே வெட்டுகிறது, பல பெட்டிகளில் இப்படியே நிகழ்கிறது’ என்று கேட்பவருக்கு, பார்ப்பவர் பென்சிலை எடுத்துத் தாளிலேயே காட்டுவார். நல்ல பக்கங்களைப் பொறுக்கியெடுத்துக் கொண்டுவருவதும் வீண்வேலை. அடுத்தடுத்து வரைந்த பக்கங்களைப் பார்த்தால்தான் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

பின்னூட்டம் கிடைத்தபின் பலரும் அதே பெட்டியை மீண்டும் வரைந்து காட்டுகிறார்கள். அது திருத்தப்பட்ட கோடுகளைப் பார்த்து நகலெடுப்பதாகவே முடியும். சுட்டிக்காட்டப்பட்ட பிழை ஒன்றை மட்டும் புதிய தாளின் மேல் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வேறு திசையில் திரும்பிய, வேறு நீள அகலமுள்ள பெட்டிகளை வரைய வேண்டும். நீட்டிப் பார்க்கும்போது முதலில் அந்தத் தொகுதியையே சோதிக்க வேண்டும்.