எட்டெக் வேலையில் முதல் பாடத்தைத் தயாரிப்பது எப்படி?

கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் கன்டென்ட் பிரிவில் சேர்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஸ்லைடு போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்லைடுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாடம் முடிந்ததும் மாணவரிடம் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரே வரியில் கற்றல் நோக்கம் வேண்டும். 'தசமக் கூட்டலைப் புரிந்துகொள்வார்' என்றால் அளக்க வழியில்லை. 'ஓரிலக்கத் தசமங்கள் இரண்டைக் கூட்டுவார்' என்றால் அளக்கலாம். அந்த வரியில் 'மற்றும்' வந்தால் அது இரண்டு பாடம், பிரித்துவிடுங்கள்.

இப்போது கேள்வி: 0.5 + 0.7 = ? சரியான விடை 1.2. தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போடக் கூடாது. 0.12 என்று ஒரு விடை வைத்தால், புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத் தனி எண்ணாகக் கூட்டும் மாணவர் அதில் சிக்குவார். 12 என்று வைத்தால் புள்ளியை மறந்தவர் சிக்குவார். ஒவ்வொரு தவறுக்கும் தனி விளக்கம் எழுதுங்கள். 'தவறு, மீண்டும் முயல்க' என்பது யாருக்கும் எதையும் கற்றுத்தராது. நான்காவது விடை தோன்றவில்லையா? மூன்றோடு நிறுத்தலாம். யாருமே தொடாத விடை மாணவரின் வாசிப்பு நேரத்தைத்தான் தின்னும்.

பாட வீடியோவுக்கான ஸ்கிரிப்டின் வேலை அந்த இரண்டு தவறுகளையும் உடைப்பது. 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே 5 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி விளக்கும் வேகத்தில் தமிழில் அது ஏறக்குறைய 450 முதல் 500 சொற்கள். கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணால் வாசித்துக் கணக்கிட்டால் எப்போதும் குறைவாகவே வரும்.

ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது காட்சித் திட்டத்துக்கு, இரண்டு நெடுவரிசை போதும்: இடப்பக்கம் குரல், வலப்பக்கம் திரை. குரல் சொல்வதை அப்படியே திரையிலும் எழுதாதீர்கள். கண் ஒரு வேகத்திலும் காது ஒரு வேகத்திலும் போக, கவனம் சிதறும். எழுத்துக்கும் பின்னணிக்குமான ஒளிர்வு விகிதம் (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்கட்டும்.

தமிழ் எழுத்துகள் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது திரையில் அழகாகத் தெரியும். சப்டைட்டிலுக்கு எடுத்துப் போட்டால் குப்பையாகிவிடும். எடிட்டிங் மென்பொருளில் 'கொ', 'கௌ' உடைந்து வந்தால், எழுத்துருவை மாற்றுவதற்கு முன் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ரிவ்யூ முழுவதும் ஒலிப்பதிவுக்கு முன்பே முடிய வேண்டும்: பாட வல்லுநர் முதலில், மொழி பார்ப்பவர் அடுத்து. பதிவுக்குப் பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் குரலின் தொனி ஒட்டாமல், முழுப் பத்தியையும் மறுபடி பேசவேண்டி வரும். பதிவின்போது யாரும் பேசாத அறை ஒலியை 30 விநாடி எடுத்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் கைகொடுக்கும்.

பாடத்தை ஸ்கார்ம் 1.2 (கற்றல் தளங்களில் பாடத்தை ஏற்றுவதற்கான ஒரு தரநிலை) தொகுப்பாகக் கொடுத்தால் ஒரு கண்ணி உண்டு. மாணவர் விட்ட இடத்தைச் சேமிக்க அதில் 4,096 எழுத்துக்குத்தான் உத்தரவாதம். விடைகளை முழு வாக்கியமாகச் சேமித்தால் அது நிரம்பி, திரும்பி வரும் மாணவருக்குப் பாடம் முதலிலிருந்து தொடங்கலாம். கேள்வி எண்ணையும் விடை எண்ணையும் மட்டும் சேமிக்கச் சொல்லுங்கள்.

வெளியிட்டு 200 பேர் எழுதியதும் மதிப்பெண் வரிசையில் மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என 54 பேர் வீதம் எடுங்கள். ஒரு கேள்விக்கு மேலே 45 பேரும் கீழே 27 பேரும் சரியாகச் சொன்னால் வித்தியாசம் 18. அதை 54-ஆல் வகுத்தால் 0.33. பாடம் தெரிந்தவரையும் தெரியாதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதன் அளவு இது. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் கேள்வியின் வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். எதிர்மறையாக வந்தால் வீடியோவைத் தொடாமல் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். குறிப்பைத் திருத்தியதும் பழைய மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டு, பாதிக்கப்பட்ட மாணவர்களுக்குத் தெரிவியுங்கள்.