எஞ்சின் மாற்றியபின் வந்த அதிர்வு

எங்கள் மர விசைப்படகின் பழைய டீசல் எஞ்சின் கருப்பாகப் புகைவிட ஆரம்பித்ததும், ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றிவிட்டோம். செயின் பிளாக்கில் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கியது பெரிய வேலையில்லை. கரையிலேயே சாஃப்ட்டோடு (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) நேர் பார்த்துப் போல்ட்டை இறுக்கியதுதான் தப்பு.

வெள்ளோட்டத்தில் தளமே அதிர்ந்தது. சாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. "தம்பி, மரப்படகு தண்ணியில இறங்குனா உடம்பு மாறும். ரெண்டு நாள் மிதக்கவிட்டு அப்புறம் பாரு" என்றார் மூத்த மேஸ்திரி ஒருவர்.

சரி என்று காத்திருந்தேன். பிறகு எஞ்சினையும் சாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் கையால் சேர்த்து, நான்கு பக்கமும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தேன். மேலே 0.60 மி.மீ. தகடு தாராளமாகப் போனது, கீழே 0.05 கூட நுழையவில்லை. 150 மி.மீ. விட்டக் கப்ளிங்குக்கு 0.15-க்கு மேல் வித்தியாசம் ஆகாது. எஞ்சினின் முன்கால்களுக்கு அடியில், உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் இறுக்கி அளந்து, சாயங்காலத்துக்குள் 0.10-க்குக் கொண்டுவந்தேன்.

அதிர்வு அடங்கிவிட்டது. ஓடும்போது பேக்கிங்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. அதை முழுக்க இறுக்கி நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொட்டுதான் சாஃப்ட்டைக் குளிர வைக்கிறது.