சிறிய டிராக்டரில் விறகு பிளக்கும் இயந்திரம்: என் அனுபவம்

எங்கள் சிறிய டிராக்டரின் ஹைட்ராலிக் பம்ப் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் எண்ணெய்தான் தள்ளும் என்பதால், நிரம்ப அதிக எண்ணெய் கேட்கும் 5 அங்குல விட்டமுள்ள சிலிண்டரைத் தவிர்த்து, 24 அங்குலம் நீளும் 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் பொருத்திய விறகு பிளக்கும் இயந்திரத்தையே வாங்கினேன். கணக்குப்படி அது 15 விநாடியில் முழுதாக நீள வேண்டும். ஆனால் சிலிண்டர் தள்ளும் ஆப்பு முக்கால் நிமிடம் ஊர்ந்தது. சீமைக்கருவேலங்கட்டை என்றால் பாதியிலேயே நின்றுவிட்டது.

பில்டரையும் எண்ணெயையும் மாற்றியதில் நான்கு நாட்கள் வீணாயின. பம்ப் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னதையும் நம்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள், எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் குழாயில் இருந்த கப்ளர் (குழாய்களைக் கோக்கும் இணைப்பான்) மட்டும் கை வைக்க முடியாதபடி சுடுவதைக் கவனித்தேன். அதன் வளையம் கடைசி இரண்டு மில்லிமீட்டர் ஏறாமல் நின்றிருந்ததால், உள்ளிருக்கும் வால்வு முழுதாகத் திறக்காமல் எண்ணெயை மறித்திருக்கிறது. அந்தக் கப்ளரை எடுத்துவிட்டுக் குழாயை நேரே டேங்கோடு இணைத்ததும் ஆப்பு 16 விநாடியில் நீண்டது, பெரிய நிம்மதி.