வறண்ட முடிக்குக் கண்டிஷனரை அளவறிந்து இடுவது எப்படி? உப்புத் தண்ணீர் ஊர்களுக்கான செய்முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர்த் தண்ணீரில் தலைக்குக் குளிப்பவர்கள் குளியலறை வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால், நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராத வெண்மையான படிவு ஒன்று தட்டுப்படும். அந்தப் படிவுக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் ஒவ்வொரு குளியலின்போதும் முடியிலும் சிறிது சிறிதாகப் படிகின்றன. முடி சொரசொரப்பாகிறது, சிக்கு விழுகிறது. உடனே எண்ணெயையும் கண்டிஷனரையும் கூட்டுகிறோம். முடி பிசுபிசுத்துத் தொங்கத் தொடங்கியதும், அதைப் போக்க ஷாம்புவை இரண்டு முறை போட்டு அலசுகிறோம். முடி முன்னிலும் வறண்டு போகிறது. இதிலிருந்து வெளியே வர, கழுவி எடுப்பது எவ்வளவு, பூசி விடுவது எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். இங்குள்ள பெரும்பாலானோர் கண்டிஷனரின் அளவைக் கூட்டத் தேவையில்லை என்பதும், குறைந்த அளவை உரிய இடத்தில் இட்டாலே போதும் என்பதும் என் கருத்து.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. சாதாரண ஷாம்பு அல்லது அரப்பு (தலைக்குத் தேய்க்கும் இலைப் பொடி), ஒரு கண்டிஷனர், தேங்காய் எண்ணெய், அகலப் பல் சீப்பு, ஓர் எலுமிச்சம்பழம், பழைய பருத்தித் துண்டு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் படி: எந்த வகை வறட்சி என்று கண்டறிதல்

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. இடுப்புவரை பின்னல் தொங்கும் ஒருவரின் நுனிமுடி ஐந்து, ஆறு ஆண்டுகளாக வெயிலையும் சீப்பையும் உப்புத் தண்ணீரையும் தாங்கி வந்த பழைய முடி. உச்சந்தலையை ஒட்டியிருப்பதோ சென்ற மாதம் முளைத்தது. ஆகவே வேர்ப்பகுதியில் எண்ணெய்ப் பசையும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் ஒரே நேரத்தில் இருப்பது இயல்பு. இரண்டுக்கும் ஒரே கவனிப்பைக் கொடுப்பதுதான் பல சிக்கல்களின் தொடக்கம்.

குளித்து முடித்ததும், உதிர்ந்த நீளமான முடி ஒன்றை ஈரம் காய்வதற்குள் எடுத்து, இரு முனைகளையும் இரு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஈர முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். நீளாமல் பட்டென்று அறுந்தால், முடி விறைத்துப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். நீண்டுகொண்டே போய், விட்ட பிறகும் தொய்ந்தே கிடந்தால், முடியின் உட்புறப் புரதக் கட்டமைப்பு நலிந்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்னிங், பிளீச்சிங், அடிக்கடி சாயம் பூசுதல் ஆகியவற்றுக்குப் பிறகு இதைக் காணலாம். ஒரு முடியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து முடிகளை இழுத்துப் பார்ப்பது நல்லது. இது ஆய்வகச் சோதனை அன்று, ஒரு குறிப்பு மட்டுமே.

வறட்சியோடு உடல் சோர்வு, காரணமில்லாத எடை கூடுதல், குளிர் தாங்க முடியாமை ஆகியவையும் இருந்தால் தைராய்டுக் குறைபாடாக இருக்கலாம். அதற்கு இந்தச் செய்முறை உதவாது. மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டினாலும் அப்படியே.

இரண்டாம் படி: தண்ணீரைச் சரிசெய்தல்

ஒரு பாட்டிலில் பாதியளவு போர்த் தண்ணீரும், இன்னொரு பாட்டிலில் அதே அளவு மழைநீரும் எடுத்து, இரண்டிலும் துணி சோப்பின் சிறு துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரிலோ நுரை எழாமல் தயிர்த் திப்பி போன்ற வெள்ளைத் துகள்கள் மிதக்கும். குளியல் சோப்பையே தலைக்கும் போடும் ஆண்களின் முடியில் ஒட்டிக்கொள்வது இந்தத் துகள்கள்தான். இந்த ஊர்களில் சோப்பைத் தலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதி வைத்தியம். எண் வேண்டும் என்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் மாவட்டங்களில் ‘கெட்ட தண்ணீர்’ என்றாலே ஃப்ளோரைடுதான் நினைவுக்கு வருகிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அதற்காகவே வந்தது. ஆனால் ஃப்ளோரைடு பாதிப்பது பல்லையும் எலும்பையும்தான். முடியைச் சொரசொரப்பாக்கும் கடினத்தன்மை வேறு விஷயம்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது என்பது தெரிந்ததே. குடிக்க வைத்த ஒகேனக்கல் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றச் சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு போதும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதுவும் இல்லையென்றால் போர்த் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளலாம். கொதிப்பதால் பைகார்பனேட் வகைக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும், முழுவதும் நீங்காது. ஆயினும் வேறுபாடு கைக்குத் தெரியும்.

மூன்றாம் படி: குளிப்பதற்கு முன் எண்ணெய்

தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாக இருப்பதால், அது முடியின் உள்ளே ஊடுருவுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. எனவே முதல் நாள் இரவோ, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ, ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவ வேண்டும். சொட்டச் சொட்ட ஊற்றினால், அதைக் கழுவ ஊற்றும் கூடுதல் ஷாம்புவே எண்ணெய் தந்த நன்மையைப் பறித்துக்கொள்ளும்.

விளக்கெண்ணெயைத் தனியாகத் தடவ வேண்டாம். அதன் பசைத்தன்மையால் நீண்ட முடி அவிழ்க்க முடியாத சடையாகத் திரண்டுபோன நிகழ்வுகூட மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

நான்காம் படி: கழுவுதல்

ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் நுரையே நுனியைச் சுத்தம் செய்துவிடும். அரப்பும் சீயக்காயும் எண்ணெயை நன்றாக எடுக்கும். ஆனால் சரியாகச் சலிக்காத பொடியின் திப்பி வறண்ட முடியில் சிக்கிச் சீவும்போது முடியை அறுக்கும். துணியில் சலித்து, சோறு வடித்த கஞ்சியில் கரைத்துப் போடுகிற நம் வீட்டு வழக்கம் இதற்குப் பொருத்தமானது. அரப்பு போட்ட அன்று முடி விறைப்பாக இருந்தால், அடுத்த முறை பொடியின் அளவைப் பாதியாக்குங்கள்.

ஐந்தாம் படி: கண்டிஷனர்

ஷாம்பு முழுவதும் போன பிறகுதான் கண்டிஷனர். ஷாம்புவில் உள்ள அழுக்கு நீக்கிகள் எதிர்மின் தன்மையும், கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் தன்மையும் கொண்டவை; முடியில் நுரை மிச்சமிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து முடிக்குப் பயன்படாமல் போய்விடும். சிதைந்த முடியின் மேற்பரப்பும் எதிர்மின் தன்மை உடையது என்பதால், கண்டிஷனர் எங்கே சிதைவு அதிகமோ அங்கேயே அதிகமாக ஒட்டுகிறது. தேவையான இடத்தை அதுவே தேடிக்கொள்ளும் என்னும்போது, கையளவு எடுத்து அப்ப வேண்டிய அவசியம் இல்லை.

முடியை இரு கைகளாலும் மெதுவாகப் பிழிந்து, நீர் ஒழுகாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் சொட்டும் முடியில் இட்டால் கண்டிஷனர் வழிந்து தரைக்குப் போய்விடும். தோள்வரை முடி உள்ளவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, இடுப்புவரை உள்ளவர்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை. அதை இரு உள்ளங்கைகளிலும் பரப்பி, முதலில் நுனியில் தொடங்கி, மேல்நோக்கிக் காதுமடல் மட்டம்வரை மட்டும் தடவ வேண்டும். கையில் எஞ்சியதை மேலே தடவலாம் என்ற ஆசை வரும், தடவ வேண்டாம். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வாருங்கள். சீப்பு தடையில்லாமல் இறங்கினால் அளவு போதும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துளி சேர்க்கலாம்.

இரண்டு அல்லது மூன்று நிமிடம் விட்டு அலசலாம். அரை மணி நேரம் ஊறவிட்டால் பத்து மடங்கு பலன் கிடைக்கும் என்று நினைப்பது வீண். அலசும்போது வழுவழுப்பு சிறிது மிஞ்சும் நிலையில் நிறுத்துவதா, முற்றிலும் போகும்வரை அலசுவதா என்பது முடியின் தடிமனைப் பொறுத்தது: தடித்த, சுருண்ட முடிக்குச் சிறிது மிஞ்சலாம், மெல்லிய முடிக்கு மிஞ்சக் கூடாது.

கடைசி அலசலுக்கு எடுத்து வைத்த நல்ல தண்ணீரில், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றினால், அதன் சிட்ரிக் அமிலம் படிந்த கால்சியத்தைக் கொஞ்சம் கரைத்து எடுக்கும். மாதத்தில் இரண்டு முறை செய்தால் போதும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம் என்பதால், நெற்றியையும் கழுத்தையும் வெறும் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள்.

துண்டால் அடித்துத் துவட்டுவது வேண்டாம். ஒற்றி எடுத்தால் போதும்.

ஆறாம் படி: முடி சொல்வதைக் கேட்டு அளவை மாற்றுதல்

பலன் தெரிவது முடி முழுவதும் காய்ந்த பிறகுதான். பின்னல் வழுக்கி அவிழ்வதும், முடி காய வெகுநேரமாவதும், மறுநாளே புழுதி ஒட்டிக்கொள்வதும் அளவு கூடியதன் அடையாளங்கள். அடுத்த குளியலில் கண்டிஷனரில் கால் பங்கைக் குறைக்க வேண்டும். தடவும்போது கரகரப்பதும், சீவும்போது முடி பறந்து விரிவதும் குறைந்ததன் அடையாளங்கள். எண்ணெய், ஷாம்பு, கண்டிஷனர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நான்கு குளியல்கள் பொறுத்துப் பாருங்கள்.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரியில் விடுதிக்குப் படிக்கப் போன உறவுக்காரப் பெண் ஒருத்தி, முடி துடைப்பம்போல் ஆகிவிட்டது என்று புரதம் சேர்ந்த கண்டிஷனரை வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தாள். முடி மேலும் விறைத்தது. அவளுக்குச் சாயமோ ஸ்ட்ரெய்ட்னிங்கோ எதுவும் இல்லை, மாறியது தண்ணீர் மட்டுமே. புரதத்தை நிறுத்தி, சாதாரண கண்டிஷனரும் எலுமிச்சை அலசலும் தொடங்கியதும் முடி படியத் தொடங்கியது. ஹைட்ரோலைஸ்டு (சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட) கெரட்டின், கோதுமைப் புரதம் என்று பாட்டிலில் அச்சிட்டிருப்பவை, இழுத்தால் தொய்ந்து போகும் முடிக்கு மாதம் ஒன்றிரண்டு முறை உதவும். மற்றவர்களுக்கு அவசியமில்லை. முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு மாற்றாகாது. அதன் புரத மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது.

பருவத்துக்கேற்பவும் அளவு மாறும். ஆடிக் காற்றிலும் சித்திரை வெயிலிலும் இரு சக்கர வண்டியில் ஓசூர் சாலையில் போய்வருபவர்கள் கண்டிஷனரைக் கூட்டுவதைவிட முடியைப் பின்னித் துப்பட்டாவால் மூடிக்கொள்வது அதிகப் பயன் தரும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அளவைக் குறைக்கலாம். நுனி ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்தால் எந்தக் கண்டிஷனரும் அதை ஒட்டாது. பிளவுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டிவிட்டு, முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.