திருகோணமலையில் இருந்துகொண்டு விசேட கல்வி படிப்பது எப்படி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் விசேட கல்வி, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பு, கிடையாது. அங்கே வணிகம், தொடர்பாடல், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் இவைதான். "பக்கத்திலேயே கம்பஸ் இருக்கே" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்தவன் நான்.

நீங்கள் பார்க்கவேண்டியது திறந்த பல்கலைக்கழகம். நாவலயில் 1980இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம், ஆனாலும் கட்டணம் கட்டித்தான் படிக்கவேண்டும். அதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர், ஆசிரியராக இருப்பவர் என்றால் பட்டப்பின் டிப்ளோமா, அப்புறம் கல்வி முதுமாணி என்று போகலாம். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழி, களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் உள்ள பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம். ஆனால் அது ஆங்கிலத்தில், இசட் புள்ளி பார்த்து எடுப்பார்கள், வேலையும் வகுப்பறை வேலை அல்ல.

விண்ணப்பத்தைத் தொடுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த முறை தமிழ்மூலம் உண்டா, நாட்பாடசாலை (நேரில் போய் இருக்கவேண்டிய வகுப்பு) எங்கே நடக்கும், கற்பித்தல் பயிற்சிக்கு எத்தனை நாள் லீவு போடவேண்டும். நாட்பாடசாலை மட்டக்களப்பு நிலையத்தில் என்றால் மூதூர், வெருகல், வாகரை வழியாக விடியற்காலை பஸ்; போகவர ஒரு நாள் சரி. ஒப்படையை அந்த பஸ்ஸில் எழுதிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இனி, பலர் செய்யாமல் விடும் வேலை. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கண்டு, விசேட கல்வி அலகு உள்ள ஒரு பாடசாலையில் ஒரு வாரம் உட்கார அனுமதி கேளுங்கள். நான் போன அலகில் ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கினார்கள். அந்த ஒரு பொத்தானை டீச்சர் ஆறு படியாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் ஐந்தையும் அவரே செய்துவிட்டு, துளையால் பாதி வெளியே வந்த பொத்தானை இழுத்துவிடுவதை மட்டும் பையனிடம் விட்டார், அது கைவந்தபின் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. பின்னாலிருந்து முன்னால் வருவதால் ஒவ்வொரு தடவையும் முடித்துவைப்பது பிள்ளைதான், பொத்தான் பூட்டின சந்தோஷமும் அவனுக்குத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கு அலுத்துப்போனால் அந்தக் கட்டணக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பார்த்ததைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், படிக்கும்போது தனியாள் கல்வித் திட்டம், அதாவது ஒரு பிள்ளைக்கென்றே போடும் கற்பித்தல் திட்டம், எழுதச் சொன்னால் கைகொடுக்கும். பிள்ளையின் பெயரை மட்டும் எழுதவேண்டாம். நம்ம ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் வீட்டுப் படலை வரைக்கும் தெரிந்துவிடும்.