பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவரின் சர்வீஸ் விவரங்களைத் தேடித் தொகுப்பது எப்படி?

விக்கிப்பீடியாவுக்கோ வட்டார வரலாற்று நூலுக்கோ ஒரு பிரிட்டிஷ் தளபதியைப் பற்றி எழுதுகிறவர்கள், கையில் கிடைத்த வாழ்க்கை வரலாற்றிலிருந்து பதவி உயர்வுகளை அப்படியே இறக்கிவைத்துவிடுகிறார்கள். அந்த நூலில் உள்ள பிழை இவர்கள் எழுத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூல ஆவணங்களிலிருந்து தொகுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. பெரும்பகுதியை வீட்டிலிருந்தே, காசு செலவில்லாமல் செய்யலாம்.

தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு பத்திகள் (காலம்கள்) போடுங்கள்: தேதி, ரேங்க், பொறுப்பு, ஆதாரம். ரேங்க்கையும் பொறுப்பையும் ஒரே பத்தியில் கலக்கவே கூடாது. 'மேஜர் ஜெனரல்' என்பது ரேங்க். '10-ஆவது இந்திய டிவிஷன் தளபதி' என்பது பொறுப்பு. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே முளைக்கின்றன.

உதாரணத்துக்கு வில்லியம் ஸ்லிம்மை எடுத்துக்கொள்வோம். பர்மாவில் 14-ஆவது ராணுவத்தை நடத்தியவர், பின்னாளில் பீல்ட் மார்ஷல். 1891-இல் பிரிஸ்டலில் பிறந்தவர். பணக்காரக் குடும்பமும் இல்லை, ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தவரும் இல்லை. அதனாலேயே இவருடைய ஆவணங்களில் எல்லாச் சிக்கல்களும் ஒருசேரக் கிடைக்கும்.

முதலில் போக வேண்டிய இடம் ஆர்மி லிஸ்ட். ராணுவம் தானே அச்சிட்ட அதிகாரிகள் பட்டியல் இது. பழைய தொகுதிகளில் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. 1879-இல் தொடங்கிய காலாண்டுப் பட்டியல்களில் சீனியாரிட்டி வரிசையும் பிறந்த தேதியும் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் பிரித்தறிய அந்தப் பிறந்த தேதிதான் கைகொடுக்கும். ஐந்தாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பார்த்து எலும்புக்கூட்டைப் போட்டுவிடுங்கள். மாற்றம் தெரிகிற இடங்களில் மட்டும் இடைப்பட்ட தொகுதிகளைத் திறந்தால் போதும். இந்திய ராணுவ அதிகாரி என்றால் அதற்குத் தனியாக இந்தியன் ஆர்மி லிஸ்ட் உண்டு. ஸ்லிம் 1919-இல் இந்திய ராணுவத்துக்கு மாறினார். அதன் பிறகான விவரங்களுக்குப் பிரிட்டிஷ் பட்டியலை மட்டும் புரட்டினால் போதாது.

அடுத்தது லண்டன் கெஸட். 1665-இலிருந்து வரும் அரசிதழ், முழுவதும் இணையத்தில் இருக்கிறது. அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, ஓய்வு, விருது எல்லாம் இதில் வரும். தேடும்போது கவனிக்க வேண்டியவை சில.

முழுப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். பழைய இதழ்களில் பெரும்பாலும் இனிஷியலும் குடும்பப் பெயரும்தான் இருக்கும். எழுத்துணரி (ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) பொடி எழுத்தைத் தப்பாகப் படித்திருப்பதும் சகஜம். பெயர் சிக்காவிட்டால் ரெஜிமென்ட்டின் பெயரைப் போட்டு, தேதி வரம்பை மூன்று மாதமாகச் சுருக்கி, பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். தேடல் முடிவில் தெரியும் துணுக்கை மட்டும் நம்ப வேண்டாம். ரெஜிமென்ட் தலைப்பு முந்தைய பக்கத்தின் அடியில் இருந்தால் உங்கள் ஆள் வேறு படைப்பிரிவில் இருப்பதாகத் தோன்றும். இந்திய ராணுவத்தாரின் பதவி உயர்வுகள் வார் ஆபீஸ் (பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகம்) தலைப்பில் வராமல் இந்தியா ஆபீஸ் (இந்திய நிர்வாகத்துக்கான லண்டன் அலுவலகம்) தலைப்பில் வரும். பலர் தவறவிடும் இடம் இது.

ஒவ்வொரு அறிவிப்பிலும் இரண்டு தேதிகள் உண்டு: இதழ் வெளியான நாள், பதவி நடைமுறைக்கு வந்த நாள். இடையில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இடைவெளி இருக்கலாம். உங்கள் தாளில் நடைமுறைத் தேதியை எழுதுங்கள். வெளியான நாளும் இதழ் எண்ணும் பக்கமும் ஆதாரப் பத்திக்குப் போகட்டும். சில சமயம் மூன்றாவதாகச் சீனியாரிட்டி தேதி ஒன்றும் வரும். அது முன்தேதியிட்டுக் கொடுத்த மூப்பு. அந்த நாளில் அவர் அந்த ரேங்க்கில் வேலை பார்த்தார் என்று அர்த்தமில்லை. சில மாதங்கள் கழித்து 'முன்பு வெளியானதற்குப் பதிலாக' என்று திருத்தமும் வரும் என்பதால், ஒரு பதிவு கிடைத்ததும் அடுத்த ஓராண்டு இதழ்களிலும் பெயரைத் தேடிவிடுங்கள்.

இனி ரேங்க் வகைகள். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். சப்ஸ்டான்டிவ் என்பது நிலையான ரேங்க். யாரும் எளிதில் பறிக்க முடியாது. டெம்பரரியும் ஆக்டிங்கும் பொறுப்போடு வந்து பொறுப்போடு போகும். இரண்டில் ஆக்டிங் இன்னும் லேசானது. பிரெவெட் என்பது ராணுவத்தில் மூப்பைத் தரும், ஆனால் ரெஜிமென்ட்டுக்குள் பழைய ரேங்க்கிலேயே நிற்க வைக்கும். லோக்கல் ரேங்க் குறிப்பிட்ட நிலப்பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும்.

ஸ்லிம்மின் பதிவுகளில் இதைப் பாருங்கள். 1914 ஆகஸ்ட் 22-இல் ராயல் வார்விக்ஷயர் ரெஜிமென்ட்டில் டெம்பரரி செகண்ட் லெப்டினன்ட். 1915-இல் துருக்கியின் கலிப்போலியில் படுகாயம். 1916-இல் வெஸ்ட் இண்டியா ரெஜிமென்ட்டில் நிரந்தர நியமனம். சொந்தப் பணம் இல்லாமல் காலம் தள்ள முடிகிற ரெஜிமென்ட் என்பது இதற்கு முக்கியக் காரணம். 1918 நவம்பரில் 6-ஆவது கூர்க்கா ரைபிள்ஸில் டெம்பரரி மேஜர். 1919-இல் கேப்டன். 1930 ஜனவரி 1-இல் பிரெவெட் மேஜர். 1933 மே 19-இல் மேஜர். மேலோட்டமாகப் படிப்பவர் '1919-இல் பதவி இறக்கப்பட்டார்' என்று எழுதிவிடுவார். யாரும் இறக்கவில்லை. போர்க்கால மேஜர் பட்டம் உதிர்ந்தது, நிலையான கேப்டன் ரேங்க் கிடைத்தது, அவ்வளவுதான். '1918-இல் மேஜர்', '1930-இல் மேஜர்', '1933-இல் மேஜர்' என்று மூன்று நூல்கள் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றும் சரியாக இருக்கலாம். வகையைச் சேர்த்து எழுதாததுதான் குறை.

இரண்டாம் உலகப் போரில் இது இன்னும் வேகமெடுக்கிறது. 1938-இல் லெப்டினன்ட் கர்னலாக ஒரு பட்டாலியனை ஏற்றவர் 1939-இல் பிரிகேடியர், 1941-இல் மேஜர் ஜெனரல், 1942-இல் லெப்டினன்ட் ஜெனரல். இவை முதலில் ஆக்டிங்காகவோ டெம்பரரியாகவோ வந்தவை. நிலையான ரேங்க் பின்னால் மெதுவாக வந்து சேரும். முழு ஜெனரல் ஆனது 1945 ஜூலையில்.

'பிரிகேடியர் ஜெனரல்' என்ற பட்டம் 1920-களின் தொடக்கத்தில் ஒழிந்தது. சில ஆண்டுகள் 'கர்னல் கமாண்டன்ட்' என்றார்கள். 1928-இலிருந்து 'பிரிகேடியர்'. ஆகவே 1935-ஆம் ஆண்டு ஆளைப் பிரிகேடியர் ஜெனரல் என்று எழுதாதீர்கள். 'கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்' என்பது முற்றிலும் கௌரவப் பதவி. ஸ்லிம் 7-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் கர்னல் என்று பதிவு இருக்கும். அதே காலத்தில் அவர் ஒரு முழு ராணுவத்தையே நடத்திக்கொண்டிருந்தார். 'ஹாஃப் பே' என்று கண்டால் தண்டனை என்று நினைக்க வேண்டாம். இரு போர்களுக்கு இடையே, அடுத்த காலியிடம் வரும்வரை கர்னல்களும் ஜெனரல்களும் பாதிச் சம்பளத்தில் காத்திருந்தது சாதாரண நடைமுறை. ஓய்வு அறிவிப்பையும் முற்றுப்புள்ளியாகக் கொள்ளாதீர்கள். ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்துக்குப் போய்விட்ட ஸ்லிம்மைப் பிரதமர் அட்லியின் அரசு திரும்ப அழைத்தது. 1948 நவம்பர் 1-இல் ராணுவத் தலைமைப் பொறுப்பு, 1949 ஜனவரி 4-இல் பீல்ட் மார்ஷல். பீல்ட் மார்ஷல்கள் ஓய்வுப் பட்டியலுக்குப் போவதே இல்லை.

பொறுப்புப் பத்திக்குக் கெஸட் அவ்வளவு உதவாது. எந்த நாளில் யார் உண்மையில் கட்டளையிட்டார் என்பதற்குப் படைப்பிரிவுகள் அன்றாடம் எழுதிவைத்த வார் டைரிதான் ஆதாரம். இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போர் என்றால் டபிள்யூஓ (வார் ஆபீஸ்) 95 தொடர், பர்மா என்றால் டபிள்யூஓ 172. நியமன உத்தரவுத் தேதியும் தளபதி வந்து சேர்ந்த தேதியும் வேறாக இருக்கும், இரண்டையும் குறியுங்கள். 1943 அக்டோபரில் ஸ்லிம் முதலில் ஏற்றது கிழக்கு ராணுவத்தின் பொறுப்பை. அதிலிருந்து உருவானதுதான் 14-ஆவது ராணுவம். 1945 மே மாதம் அவரை 12-ஆவது ராணுவத்துக்கு மாற்றுவதாகச் சொல்லப்பட்டது; அந்த முடிவு கைவிடப்பட்டது. சொன்னதை நடந்ததாக எழுதிவிடும் ஆபத்து இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தனிக் கோப்பு வேண்டுமானால், முதல் உலகப் போர் அதிகாரிகளுக்கு டபிள்யூஓ 339, டபிள்யூஓ 374. முழுமையான கோப்பை எதிர்பார்க்காதீர்கள். 1940 குண்டுவீச்சில் முக்கியக் கோப்புகள் எரிந்துபோயின. மிஞ்சியவை பெரும்பாலும் கடிதப் போக்குவரத்து. விருதுப் பரிந்துரைகள் டபிள்யூஓ 373-இல். இந்திய ராணுவத்தாரின் கோப்புகள் கியூவில் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், எல்/மில்/14 என்ற தொடரில் தேட வேண்டும்.

1871-க்கு முந்தைய ஆள் என்றால் கணக்கே வேறு. அன்று குதிரைப்படையிலும் காலாட்படையிலும் கமிஷனை, அதாவது அதிகாரி நியமனத்தை, விலைக்கு வாங்கினார்கள். 1821 விலைப்பட்டியல்படி காலாட்படையில் என்சைன் (கடைநிலை அதிகாரி) 450 பவுண்டு, கேப்டன் 1,800, லெப்டினன்ட் கர்னல் 4,500. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1787-இல் 73-ஆவது ரெஜிமென்ட்டில் சேர்ந்து, ஐந்தாறு ரெஜிமென்ட்டுகள் மாறி, 1793-இல் 33-ஆவதின் லெப்டினன்ட் கர்னல் ஆனார். போர்க்களம் காணாமலே. ஒவ்வொரு மாற்றமும் ஒரு காலியிடத்தின் கதை. அந்த ரெஜிமென்ட்டுகள் போன இடத்துக்கெல்லாம் அவரும் போனதாக எழுதக் கூடாது. இந்த வாங்கல் விற்றல் மனுக்கள் 1793 முதல் டபிள்யூஓ 31-இல் இருக்கின்றன.

கடைசியாக, தமிழ்நாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் பிரிட்டிஷ் மன்னரின் ராணுவ அதிகாரியே அல்ல. பாளையக்காரர் போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷும் அப்படித்தான். இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே கமிஷன் விற்பனை கிடையாது, பதவி உயர்வு மூப்புப்படி. வார் ஆபீஸ் கோப்புகளில் இவர்களைத் தேடிப் பயனில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/மில்/9 கேடட் விண்ணப்பங்கள், எல்/மில்/11 மதராஸ் சர்வீஸ் பதிவுகள், திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் என்/2 தேவாலயப் பதிவுகள் என்ற வரிசையில் போங்கள். அவற்றிலிருந்து தேதிகளை எடுத்துக்கொண்ட பிறகு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லலாம். அங்குள்ள ராணுவத் துறைத் தொகுதிகள் நாள்வாரியாகக் கட்டப்பட்டவை, தேதி தெரியாமல் போனால் எந்தத் தொகுதியைக் கேட்பது என்றே தெரியாது.